சாட்டையா... கடிவாளமா?

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், கொஞ்சம் வயசான ஆள் யாரையாவது நிறுத்தி 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகணும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு விநாடிகூட யோசிக்காமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வழி சொல்வார்!

அதென்ன கஞ்சித்தொட்டி?

1780ல் ஹைதர் அலியின் படைகள் மதராஸைச் சுற்றியிருந்த பகுதிகளில் புகுந்தன. வயல்கள் எரிந்தன. பின்னாலேயே பஞ்சம் வந்தது. பட்டினியில் வாடிய மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். 1782ல் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக வடசென்னையில் ஒரு சத்திரம் திறக்கப்பட்டது. அதை மேற்பார்வை பார்த்தவர் ஒரு மணியக்காரர். வெள்ளைக்காரர்கள் வாயில் 'மணியக்காரர்' நுழைவாரா? 'மானிகர் சவுல்ட்ரி' ஆகிவிட்டது! கஞ்சி குடிக்க வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகள். ஆகவே, சத்திரத்தை ஒட்டி ஆஸ்பத்திரியும் முளைத்தது. 1877ல் ராயபுரத்தில் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதுதான் வளர்ந்து, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, 1938ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது.

அந்தக் காலத்து ஆஸ்பத்திரி வார்டில் எப்போதும் ஒரு வகை நோயாளிகள் இருப்பார்கள். கால் இரண்டும் உப்பியிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். வயிறு பானை மாதிரி. படுக்க முடியாது, உட்கார்ந்தபடியேதான் தூக்கம். 'நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்வார்கள். மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? வயிற்றில் குழாயைச் செருகி நீரை வடித்தார்கள். பேதிக்குக் கொடுத்தார்கள். ரத்தத்தைக்கூட வெளியேற்றினார்கள். சில நாள் சௌகரியம். பிறகு மறுபடி நீர். அப்புறம் மரணம்.

நோய் காலிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. பல பேருக்கு அது இதயத்தில் இருந்தது. பம்ப் பழுதாகிவிட்டது. ரத்தத்தை முன்னால் தள்ள முடியாததால் பின்னால் தேங்கி, நுரையீரலிலும் காலிலும் நீராகக் கசிந்தது. இதற்குத்தான் இன்றைக்கு 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பெயர். தமிழில் இதயச் செயலிழப்பு.

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் 'டக்'கென்று நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. ஹார்ட் அட்டாக்கும் இல்லை. அட்டாக் என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அதில் தசையின் ஒரு பகுதி செத்துப்போய், மிச்சமிருக்கும் தசை தள்ளாடுகிறது பாருங்கள், அதுதான் ஃபெயிலியர். பல வருட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, குடி, சின்ன வயசில் தொண்டைப் புண்ணோடு வந்த மூட்டுக் காய்ச்சல் வால்வைக் கெடுத்தது... இப்படி எந்த வழியாகவும் அங்கே போய்ச் சேரலாம். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை சுருங்கி விரிகிற தசை அது. லீவே கிடையாது!

இந்தப் பழுதடைந்த பம்புக்கு மனிதன் மருந்து தேடிய கதை விசித்திரமானது. இருநூறு வருடங்களுக்கும் மேலாக மருத்துவ உலகம் ஒரே திசையில் ஓடியது. பிறகுதான், ஓடியது எதிர்த்திசை என்று புரிந்தது! அந்த ஓட்டத்தில் நம் சேலம் ஜில்லாவில் விளையும் ஒரு கிழங்கும் கலந்துகொண்டது என்பது பலருக்குத் தெரியாது.

*

ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மூன்றாவது வருடம். அதாவது 1785. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் ஒரு புத்தகம் வெளியிட்டார். பத்து வருடங்களுக்கு முன்பு அவரிடம் ஒரு மருந்துச் சீட்டு வந்தது. ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஒரு பாட்டி, மற்ற டாக்டர்கள் கைவிட்ட 'நீர் கோத்த' நோயாளிகளைச் சில சமயம் குணப்படுத்திவிடுகிறாளாம். இருபதுக்கும் மேற்பட்ட பச்சிலைகள் கலந்த குடும்ப ரகசியம். விதரிங் செடிகொடிகள் பற்றியும் நன்றாக அறிந்தவர். பட்டியலைப் பார்த்தார். இத்தனையிலும் வேலை செய்வது ஒன்றே ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். ஃபாக்ஸ்கிளவ் என்ற செடி. லத்தீனில் டிஜிட்டாலிஸ்.

அது கொடிய விஷச் செடி! கொஞ்சம் கூடினால் வாந்தி, பார்வையில் மஞ்சள், இதயம் தாறுமாறாகத் துடித்து ஆளே காலி. ஆகவே அளவு முக்கியம். விதரிங் பத்து வருடம் பொறுமையாக, நோயாளி நோயாளியாக அளவைக் குறைத்தும் கூட்டியும் பார்த்து எழுதி வைத்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. பிழைத்தவர்களை மட்டுமல்ல, மருந்து பலிக்காதவர்களையும் சேர்த்தே எழுதினார். அதுதான் அவருடைய பெருமை. வைத்தியர்கள் வெற்றிகளை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

டிஜிட்டாலிஸ் உலகம் முழுக்கப் பரவியது. நம் நீலகிரியிலும் அதைப் பயிரிட்டார்கள். 1930ல் லண்டனைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் ஆராய்ச்சியாளர் சிட்னி ஸ்மித், அந்தக் குடும்பத்தின் இன்னொரு செடியிலிருந்து 'டிகாக்ஸின்' என்ற சுத்தமான பொருளைப் பிரித்தார். இன்றைக்கும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மாத்திரை!

இந்த வகை விஷம் இங்கிலாந்துக்கு மட்டும் சொந்தமில்லை. நம் ஊர் வேலியோரம் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் பொன்னரளி இருக்கிறதே, அதிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த விஷம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் அது பறித்த உயிர்களுக்குக் கணக்கில்லை. 1960களில் தில்லியில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் அந்த அரளியிலிருந்து எடுத்த 'பெருவோசைட்' என்ற பொருளை, இதயம் பலவீனமான நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். வேலை செய்தது. ஆனால், டிகாக்ஸினை மிஞ்சவில்லை. விஷத்துக்கும் மருந்துக்கும் நடுவிலிருக்கும் இடைவெளி இரண்டிலுமே மெல்லிய நூல்தான். (இதைப் படித்துவிட்டு யாராவது அரளிக் கஷாயம் காய்ச்சக் கிளம்பிவிடாதீர்கள். விபரீதம்!)

*

இந்த மருந்துகளுக்கெல்லாம் பின்னால் இருந்த எண்ணம் ஒன்றுதான். இதயம் பலவீனமாகிவிட்டதா? சரி, அதை இன்னும் பலமாகச் சுருங்க வை! களைத்த குதிரைக்குச் சாட்டையடி.

சாட்டையை இன்னும் கூர்மையாக்க வேண்டுமானால் இதயத் தசை எதை எரித்து வேலை செய்கிறது என்று தெரியவேண்டும். அங்கே நுழைகிறார் நம் மதராஸில் படித்த ஒருவர்.

எல்லாப்ரகட சுப்பாராவ். 1895ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை கோட்டடித்து, மூன்றாவது தடவை மதராஸில் எழுதி பாஸ் செய்தவர்! மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தி சொன்னார் என்று கதர் கோட்டோடு ஆபரேஷன் வகுப்புக்குப் போக, வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். விளைவு? எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். பட்டம்தான். 1923ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசைகளை ஆராய்ந்தார். 1929ல் 'ஏ.டி.பி.' என்ற பொருளைப் பற்றி இருவரும் அறிவித்தார்கள். அதே சமயம் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் பெட்ரோல் அதுதான். இதயம் அதை எரித்துத்தான் துடிக்கிறது.

பிறகு வந்த விஞ்ஞானிகள் இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பயந்தால், ஓடினால், சண்டை போட்டால் அட்ரினலின் சுரக்கிறது. அது இதய செல்லின் வாசலில் வந்து தட்டுகிறது. உள்ளே ஒரு என்ஸைம் விழித்துக்கொண்டு, கொஞ்சம் ஏ.டி.பி.யை எடுத்து 'ஸைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற தூதுவனாக மாற்றுகிறது. தூதுவன் ஓடிப்போய் 'ம்... வேகமா!' என்று உத்தரவு போட, இதயம் பலமாகச் சுருங்குகிறது. ஆக, அந்த என்ஸைமை நேரடியாகத் தட்டி எழுப்ப ஒரு மருந்து கிடைத்தால்? பழுதான இதயத்தை ஓட வைத்துவிடலாமே!

அப்படி ஒரு பொருள் கிடைத்தது. எங்கே? இந்தியாவில்!

*

1970களின் தொடக்கம். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி மும்பை முலுண்டில் ஓர் ஆராய்ச்சி மையம் அமைத்தது. அங்கே நோயல் டிசோஸா தலைமையிலான வேதியியல்காரர்கள் ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். நம் நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாக வரவழைத்து, சாறெடுத்து, விலங்குகளில் சோதித்துப் பார்ப்பது. வெற்றி வாய்ப்பு ரொம்பக் குறைவான வேலை. நூற்றுக்கணக்கான செடிகளில் ஒன்று தேறினால் அதிர்ஷ்டம்.

1974 வாக்கில் ஒன்று தேறியது. கோலியஸ் ஃபோர்ஸ்கோலி. துளசி குடும்பம். வேர் கிழங்கு மாதிரி பருத்திருக்கும். குஜராத்தில் ஊறுகாய் போடுவார்கள். தமிழில் இதன் பெயர் மருந்துக் கூர்க்கன். (பொரியல் செய்கிறோமே, அந்தச் சிறுகிழங்கின் ஒன்றுவிட்ட சகோதரன்!) இதன் சாறு ரத்தக்கொதிப்பைக் குறைத்தது. அதோடு இதயத்தைப் பலமாகச் சுருங்கவும் வைத்தது. இரண்டும் ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 'ஃபோர்ஸ்கோலின்' என்று பெயர் வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே சமயத்தில் லக்னோவில் இருந்த நம் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும் அதே செடியில் கை வைத்திருந்தது! அவர்களும் ஒரு பொருளைப் பிரித்தார்கள். 'கோலியோனால்' என்று பெயரிட்டார்கள். 1977ல் இரண்டு தரப்பும் கட்டுரை வெளியிட்டன. இரண்டும் சற்று வேறுபட்ட பொருள்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. உலகத்தில் நிலைத்த பெயர் ஃபோர்ஸ்கோலின்.

அந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு சோகம் இருக்கிறது. பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர், தாவரவியல் மேதை லின்னேயஸின் சீடர். 1761ல் டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் குழுவில் போனார். 1763ல் ஏமன் நாட்டில் மலேரியாவுக்குப் பலியானார். வயது 31. அந்தக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் ஒரே ஒருவர்தான்!

1981ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் (ஸீமன், பேஜட், டேலி) ஃபோர்ஸ்கோலின் வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டபோது விஞ்ஞான உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வாசலில் தட்டவே தேவையில்லை. இது நேராக உள்ளே போய் அந்த என்ஸைமையே தட்டி எழுப்புகிறது! இன்றைக்கு உயிரியல் ஆராய்ச்சிக்கூடங்களில் ஃபோர்ஸ்கோலின் சர்வசாதாரணம். 'ஸைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்ட வேண்டுமா? ஃபோர்ஸ்கோலின் கொடு' என்கிற அளவுக்கு.

அப்படியானால் மருந்து? இந்தியாவிலிருந்து உலகத்துக்கு ஒரு ஹார்ட் ஃபெயிலியர் மாத்திரை?

வரவில்லை!

முதல் சிக்கல், அது தண்ணீரில் கரையாது. வாய் வழியாகச் சாப்பிட்டால் போதுமான அளவு ரத்தத்தில் சேராது. ஜெர்மனியில் சில நோயாளிகளுக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். இதயம் நன்றாக வேலை செய்தது. ஆனால், ரத்த அழுத்தமும் கூடவே சரிந்தது. தினசரி வீட்டில் சாப்பிடும் மருந்தாக அதை மாற்ற முடியவில்லை. ஜப்பானின் நிப்பான் கயாகு கம்பெனி தண்ணீரில் கரையும்படி அதைத் திருத்தி அமைத்தது. 1990களின் இறுதியில், திடீரென்று மோசமாகும் நோயாளிகளுக்கான ஊசி மருந்தாக ஜப்பானில் அனுமதியும் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஆனால், இதைவிடப் பெரிய சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சாட்டை என்கிற அந்த எண்ணமே தப்பு என்று தெரிந்துபோனது!

*

1980களில் 'மில்ரினோன்' என்று ஒரு மருந்து பிரமாதமாகப் பேசப்பட்டது. அதுவும் ஸைக்ளிக் ஏ.எம்.பி.யைக் கூட்டுவதுதான், வேறு ரூட்டில். அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஆரம்பத்தில் 'ஆஹா, தெம்பாக இருக்கிறதே!' என்றுகூடத் தோன்றியது. முடிவான பரீட்சை ஒன்றை வைத்தார்கள். கடுமையான ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 1,088 பேர். பாதிப் பேருக்கு மில்ரினோன் மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 1991ல் முடிவு வந்தபோது அதிர்ச்சி. நிஜ மருந்து சாப்பிட்டவர்களில் மரணம் 28 சதவிகிதம் அதிகம்! பரீட்சையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் புரியும். களைத்த குதிரையை அடித்தால் நாலு அடி ஓடும். பிறகு விழுந்து செத்துப்போகும்.

இதற்குள் இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் யோசித்துக்கொண்டிருந்தது. இதயம் தளர்ந்தவுடன் உடம்பு என்ன செய்கிறது? சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைகிறது. அதற்கு என்ன தெரியும், பாவம்! 'எங்கேயோ வெட்டுக் காயம், ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறது. உடனே அபாயச் சங்கு. ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. உப்பும் தண்ணீரும் வெளியே போகாமல் பிடித்து வைக்கப்படுகின்றன. அட்ரினலின் இதயத்தை விரட்டுகிறது. காட்டில் புலி கடித்தவனைப் பிழைக்க வைக்க ஏற்பட்ட ஏற்பாடு. வருடக்கணக்கில் நீடித்தால் இதுவே எமன். ஏற்கெனவே சுமக்க முடியாதவன் தலையில் இன்னும் இரண்டு மூட்டை!

ஆகவே, சாட்டை ஏற்கெனவே உடம்பின் கையில் இருக்கிறது. மருந்தின் வேலை அதைப் பிடுங்குவது!

குழாய்களை இறுக்கும் ஹார்மோனைத் தடுக்கும் வழி கிடைத்தது பிரேசில் நாட்டுப் பாம்பிடமிருந்து. ஜராராகா என்ற விரியன். அதன் விஷத்தை ஆராய்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா 1960களில் அதைப் பற்றி எழுதினார். அமெரிக்காவின் ஸ்க்விப் கம்பெனியில் குஷ்மன், ஒண்டெட்டி என்ற இருவர் அந்த விஷத்தின் வேலையைச் செய்யும் மாத்திரையை உருவாக்கினார்கள். கேப்டோப்ரில். 1981ல் அனுமதி. அதன் தம்பி எனலாப்ரில். ஸ்காண்டிநேவிய நாடுகளில் மரணப் படுக்கையில் இருந்த 253 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். 1987ல் முடிவு. டம்மி சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 44 சதவிகிதம். எனலாப்ரில் சாப்பிட்டவர்களில் 26!

அடுத்து நடந்த பெரிய ஆய்வை அமெரிக்க அரசின் சார்பில் முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் நம்ம பக்கத்து வீட்டுக்காரர். கேரளத்தின் கொட்டாரக்கராவில் பிறந்து, பெங்களூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஆக்ஸ்ஃபோர்டு போன சலீம் யூசுஃப். லேசான நோய் உள்ளவர்களுக்கும் எனலாப்ரில் உயிர் காக்கும் என்று 1991ல் அந்த ஆய்வு நிரூபித்தது. விதரிங்கின் பழைய டிஜிட்டாலிஸையும் விட்டுவைக்கவில்லை. 6,800 பேரிடம் டிகாக்ஸினைச் சோதித்த ஆய்விலும் அவருக்குப் பெரிய பங்கு. 1997ல் முடிவு. டிகாக்ஸின் சாப்பிட்டால் ஆஸ்பத்திரியில் சேருவது குறைகிறது. ஆனால், ஆயுள் கூடவில்லை! 212 வருடக் கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

எல்லாவற்றையும்விடத் துணிச்சலான காரியம் செய்தவர் ஸ்வீடனின் ஃபின் வாக்ஸ்டைன். அட்ரினலினைத் தடுக்கும் 'பீட்டா பிளாக்கர்' மருந்துகளை ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது என்று பாடப் புத்தகத்தில் அச்சடித்திருந்த காலம் அது. 1975ல் அவர், மிகச் சின்ன அளவில் தொடங்கி, ஏழு பேருக்குக் கொடுத்துப் பார்த்தேன், தேறினார்கள் என்று எழுதினார். 'இதென்ன பைத்தியக்காரத்தனம்!' என்றுதான் பலர் நினைத்தார்கள். இருபது வருடத்துக்கும் மேலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1999க்குள் பெரிய ஆய்வுகள் வரிசையாக வந்து, பீட்டா பிளாக்கர் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று சாட்சி சொல்லிவிட்டன. குதிரைக்குத் தேவைப்பட்டது கடிவாளம்!

அதே 1999ல், பல வருடங்களாக அலமாரியில் தூங்கிய ஸ்பைரோனோலாக்டோன் என்ற மலிவு மாத்திரையும் 1,663 பேரிடம் பாஸ் செய்தது. மரணம் 30 சதவிகிதம் குறைவு. 2014ல், எனலாப்ரிலையே தோற்கடித்த சாக்குபிட்ரில்-வால்சார்ட்டன் ஜோடி. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட அந்த ஆய்வில் இந்திய நோயாளிகளும் உண்டு. 2019ல் இன்னொரு ஆச்சரியம். ஆப்பிள் மரப் பட்டையில் 1835ல் கண்டெடுத்த ஒரு கசப்புப் பொருளின் வம்சத்தில் வந்த சர்க்கரை மாத்திரை டாபாக்ளிஃப்ளோசின், சர்க்கரை வியாதியே இல்லாத ஹார்ட் ஃபெயிலியர்காரர்களையும் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது.

ஆக, இப்போது நாலு வகை மாத்திரைகள். இதயத்தின் சுருங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு நாலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது இன்றைய மருத்துவ விதி. நாலில் ஒன்றுகூட சாட்டை இல்லை என்பதைக் கவனியுங்கள்!

*

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மருந்து பிறந்தால் போதுமா? கல்மண்டபத்துக்கு வந்து சேர வேண்டாமா?

துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், மணலியிலும் எண்ணூரிலும் ஷிஃப்ட் பார்க்கிறவர் இவர்களுக்கெல்லாம் உடம்புதான் முதலீடு. "படுத்தா மூச்சு முட்டுது சார், ரெண்டு தலகாணி வெச்சாத்தான் கண்ணையே மூட முடியுது" என்று ஒருவர் சொன்னால், அன்றோடு அந்த வீட்டு வருமானம் நின்றது என்று அர்த்தம். மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. நம் பக்கம்? 2013ல் திருவனந்தபுரத்தில் 18 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1,205 நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது 61. ஒரே வருடத்துக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துவிட்டார். இதயத்தின் சுருங்கும் சக்தி குறைந்தவர்களில் சரியான மருந்துகள் முழுசாகக் கிடைத்து வீட்டுக்குப் போனவர்கள், நாலில் ஒருவர்தான்!

மருந்து இல்லாமலா? இருந்தது. விலையும் ஒரு காரணம், சொல்லித் தருவதற்கு ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

விலை விஷயத்தில் நமக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970ல் வந்த இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது. வேறு வழியில் தயாரித்தால் நீங்களும் விற்கலாம். அதனால்தான் எனலாப்ரில் நம் ஊருக்குச் சீக்கிரமே சல்லிசாக வந்தது. 2005 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி சட்டம் மாறியது. புதிய மருந்துகளுக்கு இருபது வருடக் காவல். அந்தக் காவல் முடியும்போது என்ன நடக்கிறது பாருங்கள். டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது. சாக்குபிட்ரில் ஜோடியின் மூலக் காப்புரிமை 2023 ஜனவரியில். எம்பாக்ளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில். அதுவரை சுமார் 60 ரூபாய்க்கு விற்ற அந்த ஒரு மாத்திரையை, நம் கம்பெனிகள் சில 10 ரூபாய்க்கும் கீழே கொண்டுவந்தன! நாலு வகை மருந்தும் ஒரு கூலித் தொழிலாளி யோசித்துப் பார்க்கக்கூடிய விலைக்கு இறங்கியது இந்தச் சில வருடங்களில்தான்.

தமிழ்நாட்டுக்குக் கூடுதலாக ஒரு அதிர்ஷ்டம். 1994ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக டெண்டரில் வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் காப்பியடித்த ஏற்பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. ஹார்ட் ஃபெயிலியருக்குப் போகும் இரண்டு பெரிய ரோடுகளும் அவைதானே!

மிச்சம் இருப்பது ஒரு மனத்தடை. இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி உடனே 'சுரீர்' என்று வேலை காட்டாது. பீட்டா பிளாக்கர் தொடங்கிய முதல் சில வாரம் களைப்பாகக்கூட இருக்கலாம். 'இதைப் போட்டும் ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. 'இப்ப நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு?' என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட அதிகம். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான்! டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் உடம்பு மறுபடி சாட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளும். கூடவே உப்பு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் வடசென்னைச் சாப்பாட்டின் உயிர். ஆனால், நீர் கோத்த உடம்புக்கு அவை மூன்றுமே வில்லன்கள். தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம் மருந்துக் கூர்க்கன் என்ன ஆயிற்று என்கிறீர்களா?

முலுண்டில் இருந்த அந்த ஆராய்ச்சி மையம் 1990களின் கடைசியில் கை மாறிவிட்டது. ஆனால், செடி தப்பித்துக்கொண்டது! சேலம், ஆத்தூர், தர்மபுரி பக்கம் விவசாயிகள் ஒப்பந்த முறையில் ஏக்கர் கணக்கில் அதைப் பயிரிட்டார்கள். கிழங்கை வெட்டிக் காயவைத்து மூட்டை கட்டினால் கம்பெனி வந்து எடுத்துக்கொள்ளும். அதன் சாறு கப்பலேறி அமெரிக்கா போகிறது. எதற்காக என்று நினைக்கிறீர்கள்? இதயத்துக்கு இல்லை. தொப்பை குறைக்கும் காப்ஸ்யூலாக!

உலகத்தின் மகத்தான இதய மருந்து ஆகியிருக்கவேண்டிய கிழங்கு என்று வருத்தப்படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாட்டை வேலைக்கு ஆகாது என்று உலகம் புரிந்துகொள்வதற்கு, நல்ல சாட்டை எது என்று முதலில் தெரியவேண்டியிருந்தது. அந்தப் பாடத்தில் மும்பைக்கும் லக்னோவுக்கும் பங்கு இருக்கிறது. நம் ஆத்தூர் கரட்டு மண்ணில் விளையும் கிழங்குக்கும் இருக்கிறது!